யாரும் தடவாத பசு

மந்தைச் சங்கத்தின் மதிப்புமிகு தலைவர் முகுமே அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, விடியுமுன் பால் கறந்துவிட்டு வந்து இப்போது கண்ணைத் திறந்து வைத்திருக்கப் பாடுபடும் தாய்மார்களே, கிருஹூராவின் புல்வெளியில் எதைத் தொலைத்தாலும் மாட்டைத் தொலைக்க மனம் வராத என் மக்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஊருக்குப் பொலிகாளை எது என்று அறிவிக்கத்தான் இந்தக் கொபுசிங்யேயை மேடைக்கு அழைத்தீர்கள். வந்துவிட்டேன். ஆனால் களைத்துப்போய் வந்திருக்கிறேன்.

எத்தனை மருந்து தெளித்தோம்? நீலம் தெளித்தோம், வெள்ளை தெளித்தோம், இரண்டையும் கலந்து தெளித்தோம். உண்ணி செத்ததா? நம் தொண்டை எரிந்தது, கன்று காய்ச்சலில் கிடந்தது, உண்ணி மட்டும் உப்பிக்கொண்டே போனது.

அதனால்தானே முடிவெடுத்தோம்? ஒரு மழைக்காலம் மருந்தை நிறுத்துவோம். எந்தப் பசுவின் தோலில் உண்ணி ஒட்ட மறுக்கிறதோ, அது ஈன்ற காளையே நம் எல்லா மந்தைக்கும் தகப்பன். மருந்தும் கூடாது, கையால் கிள்ளவும் கூடாது என்று விதி வைத்தோம். கடைசியில் உண்ணியை எண்ணிப் பார்த்தோம். மிகக் குறைந்த உண்ணியோடு பிஹோகோ முதலில் வந்தது. என் வீட்டுச் சிவப்புப் பசு, என் கணவர் கரெக்யேயாவின் செல்லம்.

கை தட்டாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

இன்று விடியலில் பட்டிக்குப் போனேன். அவர் பிஹோகோவின் காதை மடித்து, பாட்டுப் பாடியபடி, ஒவ்வோர் உண்ணியாகக் கிள்ளிப் புகையும் சாண நெருப்பில் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க பண்றீங்க?"

"தெனமும் பண்றதுதானே."

"சோதனை நடந்தப்பவுமா?"

"மருந்து அடிக்கலையே. புள்ளைக்குப் பேன் பாக்குற மாதிரிதான இது? இதுக்குமா விதி?"

சிரிக்கிறீர்கள். கடைசி வரிசையில் பலமாகச் சிரிக்கும் துமுசிமே, உங்கள் விரல் உங்கள் பசுவின் காதுக்குப் போகாத நாள் உண்டா? பார்த்தீர்களா, விரலை மடித்து மறைக்கிறார். இந்த ஊரில் மாட்டைத் தடவாமல் யாரால் இருக்க முடிந்தது? ஆனால் பிஹோகோவின் மகனுக்குப் பிறக்கும் கன்றுகளுக்கெல்லாம் என் கணவரின் விரலா கூடப் பிறக்கும்?

அப்படியானால் நாம் எண்ணியதில் எதை நம்புவது? ஒரே ஒரு பசுவை நம்பலாம். பிஹோகோவுக்கு அடுத்து வந்த ருட்டாரோ வீட்டுச் சாம்பல் பசு. நாம் உதைக்காரி என்கிறோமே, அதுதான். ஆமாம் தலைவரே, உங்கள் முழங்காலை வீங்க வைத்த அதே பசு. காலைக் கட்டாமல் அதைக் கறந்தவர் யார்? ஆசையாய்த் தடவியவர் யார்? அருகில் போகவே அஞ்சினோம். யாரும் கொஞ்சாத அந்த உடம்பில், யாரும் கிள்ளாமலே, உண்ணி ஒட்டவில்லை.

என் கணவர் எழுந்து நிற்கிறார். சொல்லுங்க.

"அப்போ நம்ம பிஹோகோ மகன்?"

நம்ம பட்டியிலயே இருக்கட்டுங்க. ஊருக்கு வேண்டாம்.

உட்கார்ந்துவிட்டார். தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு வலிக்காமல் இல்லை. போன வருடம் பிஹோகோவின் தங்கைக்கும் இவர்தான் காது பார்த்தார், பாட்டுப் பாடினார். உண்ணிக் காய்ச்சலில் செத்த அதைப் புதைத்ததும் இவர்தான். விரல் போதவில்லை, மக்களே.

ஆகவே அறிவிக்கிறேன். நம் பொலிகாளை, உதைக்காரியின் மகன். இதோ அழைத்து வருகிறார்கள். முன்வரிசைப் பெரியோர்கள் தயவுசெய்து சற்றுத் தள்ளி அமருங்கள், அவன் அம்மா பிள்ளை. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பொறுத்துக்கொண்ட என் கணவருக்கும் நன்றி. வணக்கம்.