இரவல் மைக்ராஸ்கோப்

— மெதுவா ஓட்டுங்க உதுமான் பாய், பெட்டி குதிக்குது!

— வேன் குதிக்குது, பெட்டியும் குதிக்குது. டீச்சர் சொன்னாப் போதுமா? அலோன் ரோட்டை நானா போட்டேன், சயாமா? கோல்ஃப் மைதானம் தாண்டட்டும், எங்க ஸ்கூல் வரைக்கும் ரோடு வழவழன்னு இருக்கும்.

— உள்ள இருக்கறது மைக்ராஸ்கோப்பு. கண்ணாடி.

— தெரியும். போன வாரம் எங்க லேப்லேருந்து எடுத்தாந்து உங்க கையில குடுத்ததே நான்தானே. அப்போ இப்படி டொக்கு டொக்குன்னு சத்தம் வரலியே...

— அது... உள்ள வச்ச பஞ்சு அமுங்கிப்போச்சு.

— சரி, சரி. ஆய்வுக்கு வந்த ஆபீசர் பாத்தாரா?

— பாக்காம? மேசை நடுவுல வச்சு, மேல துணி போத்தி, துணி மேல பூ வேற வச்சிருந்தோம்.

— மைக்ராஸ்கோப்புக்குப் பூவா!

— பெரிய சயாமாவோட யோசனை. சிரிக்காதீங்க.

— சிரிக்கல. ஆய்வுன்னா எல்லாப் பள்ளிக்கூடமும் எங்ககிட்ட இரவல் வாங்கித்தான் அடுக்குது. ஒரு இடத்துக்குக் கம்ப்யூட்டர் கொண்டுபோனேன். செருக சுவத்துல பிளக்கே இல்ல! ஒயரைச் சுருட்டிப் பின்னால ஒளிச்சு வச்சாங்க.

— அந்தப் பவுசுதான் எங்களுக்கு வினையாப் போச்சு, பாய்.

— ஏன்?

— இந்த வருசம் எங்களுக்கே சொந்தமா ஒண்ணு வர்றதா இருந்துச்சு. ஆபீசர் மேசையைப் பாத்தார். “அட, உங்ககிட்டதான் இருக்கே!”ன்னார். இல்லாத பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கச் சொல்லிட்டார்.

— இரவல்னு சொல்ல வேண்டியதுதானே?

— எங்க சொல்றது? அவரு சந்தோஷமாக் கை தட்டுறாரு. நாங்களும் சேந்து தட்டிட்டோம்!

— ஹா... ஹா... சயாமா, ஸ்டியரிங் ஆடுது!

— உங்களுக்குச் சிரிப்பு, எனக்கு வயிறு எரியுது. படகுத்துறைப் பக்கத்து ஆத்துத் தண்ணி ஒரு சொட்டு வச்சுப் பிள்ளைங்களுக்குக் காட்டினேன். ஒருத்தி உள்ள நெளியறதைப் பாத்துட்டு, “காலையில இதையா குடிச்சேன்?”னு வாயைப் பொத்திக்கிட்டா. வரிசையில கடைசி ஆளு பவானி. அவ கண்ணை வைக்கறதுக்குள்ள ஆபீசர் வந்துட்டார்.

— ஐயோ பாவம். அழுதாளா?

— அழுதாக்கூடத் தேவலை. போய் உக்காந்து அடுத்த பாடத்துக்கு நோட்டைத் திறந்துட்டா. மனசு கேக்கல... நாளைக்குப் பாக்கலாம்னு சொல்லிட்டேன்.

— நாளைக்கா? இன்னிக்கே திருப்பிக் குடுக்கறோமே... எப்படிக் காட்டுவீங்க?

— அது... பேச்சுக்குச் சொன்னது.

— ம்ம்ம்.

— உங்க ஸ்கூல் பிள்ளைங்க இதுல நிறைய பாப்பாங்களோ?

— எங்க பிள்ளைங்களா! அவங்களுக்குப் பெரிய திரையில தெரியற புது மிஷின் வந்தாச்சு. மீன் தொட்டிக்கே தனி ஜெனரேட்டர் ஓடுது. இந்தப் பழசு எல்லாம் அலமாரியில தூங்குது. வெயிலைப் பாத்துக் கண்ணாடியைத் திருப்பினாப் போதும், கரண்டு வேணாம். அதான் உங்களுக்குன்னு தேடி எடுத்தேன்.

— நல்லவேளை. எங்க பக்கம் கரண்டு வந்தா பிள்ளைங்க விசிலடிக்குது... ஆமா, கேட்டுல வாட்ச்மேன் பெட்டியைத் திறந்து பாப்பாரா?

— வேன்ல ஏறும்போதே இதைக் கேட்டீங்க.

— சும்மாத்தான்...

— மொகிங்கா நூடுல்ஸ் கடை வருது. ஒரு கிண்ணம் சாப்பிட்டுப் போலாமா?

— வேணாம், வேணாம். சீக்கிரம் குடுத்துட்டு வந்துடணும்.

— கட்டியிருக்கற தமெயின்ல என்ன, செவப்பாத் தூசி?

— சாக்பீஸ்.

— செவப்பு சாக்பீஸா?

— ஏன், நாங்க கலர் சாக்பீஸ் வச்சிருக்கக் கூடாதா?

— தாராளமா வச்சிருக்கலாம். இந்தா, கேட்டு வந்தாச்சு. நீங்க இறங்குங்க, பெட்டியை நான் தூக்கறேன்.

— இல்ல, நானே... பாய்! விடுங்க பாய்!

— அட, கனம் சரியாத்தான் இருக்கு.

— பாய்... கோவிச்சுக்காதீங்க. உள்ள மைக்ராஸ்கோப் இல்ல. எங்க காம்பவுண்டுச் சுவத்துல பேந்த செங்கல். மைக்ராஸ்கோப் என் பீரோவுல இருக்கு. உங்க வேலைக்கு வம்பு வந்தா என்னால தாங்க முடியாது. வண்டியைத் திருப்புங்க, எடுத்தாந்து குடுத்துடறேன்.

— வண்டியெல்லாம் திருப்ப முடியாது. நாளைக்குப் பவானிக்குக் காட்டுங்க. ஆனா அடுத்த தடவை செங்கல்லுக்குத் துணி சுத்துங்க, சயாமா. அந்த அலமாரியில இப்போ பெட்டிக்குப் பெட்டி செங்கல்தான். க்யிம்யிண்டைங் ஸ்கூல் சயாமா பழைய லுங்கி சுத்திக் குடுத்தாங்க... வழியெல்லாம் ஒரு சத்தம் வரணுமே!