காவல் நண்டு

பவளத்தொட்டி வைத்திருப்பவனுக்குப் பொறுமை வேண்டும் ஐயா. அவசரக்காரன் தங்கமீன் வளர்க்கலாம்.

இந்த ஓஹாகா கடற்கரையில் பவளத்தில் ஒட்டியிருக்கும் பூச்சி எதுவென்று தெரியாவிட்டால் என்னிடம்தான் வருவார்கள். "ஹிலாரியோ, இது என்ன எழவுன்னு பாரு" என்று படம் அனுப்புவார்கள். தட்டைப்புழுவா, நத்தை முட்டையா என்று சொல்லிவிடுவேன். எனக்கென்று ஒரு முறை உண்டு. திரையை இழுத்துவிட்டு, சிவப்பு விளக்கில் மூன்று நாள் பார்ப்பேன். எங்கே பதுங்குகிறது, எதைத் தின்கிறது என்று நோட்டில் எழுதுவேன். அதற்குப் பிறகுதான் இடுக்கியை எடுப்பேன். ஆராயாமல் ஓர் உயிரையும் நான் கொன்றதில்லை.

பிடென்சியோ கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கிறவன். என் அக்கா ஒடிலியாவோடு வாழ வந்தான். வீடு அக்காவுடையது, முன்னறையில் என் தொட்டி. அவளுடைய முதல் புருஷன் ருடிலியோ குடித்துவிட்டு வந்து அவளை அடிப்பான். பிடென்சியோ வந்த பிறகு அவன் தெருப்பக்கமே தலைகாட்டவில்லை. ஏதோ தற்செயல் என்று விட்டுவிட்டேன்.

வரும்போது பிடென்சியோ எனக்கென்று ஒரு பவளம் கொண்டுவந்தான். அதன் கிளைகளுக்குள் நகமளவு ஒரு சிவப்பு நண்டு. மூன்று நாள் பார்த்தேன். பவளத்தின் மேல் வழிகிற சளியைத் தின்றுகொண்டிருந்தது. இடுக்கியை எடுத்தேன்.

"அதை விடு மச்சான். அது காவல் நண்டு. முள் நட்சத்திரமீன் பவளத்தைத் தின்ன ஏறுனா இதுதான் கடிச்சு விரட்டும். அடியில எத்தனை தடவை பாத்திருக்கேன்" என்றான்.

அக்கா சிரித்தாள். "பத்தொன்பது வருஷமா பூச்சி பாக்குறான் என் தம்பி. இன்னிக்கு அவனுக்கே வாத்தியார் வந்தாச்சு."

எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். அவன் கண்ணெதிரே நண்டை நசுக்கினேன். ஓடு உடைகிற சத்தம் சின்னதுதான்.

பத்து நாளில் பவளம் வெளுத்தது. அதன் மேல் ஒரு முள் நட்சத்திரமீன் கவிழ்ந்து கிடந்தது, பாறைப் பொந்தில் இருந்திருக்கும். 'பவளம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தது' என்று நோட்டில் எழுதினேன். பிடென்சியோ வெளுத்த பவளத்தைப் பார்த்துவிட்டு என்னைச் சும்மா பார்த்தான். அந்தப் பார்வைக்குப் பிறகு அவனையும் நோட்டில் சேர்த்தேன்.

மூன்று நாள். வாசற்கதவை ஒட்டி வலை ஊஞ்சல் கட்டிப் படுக்கிறான். அக்கா வைத்த பீன்ஸையும் டோர்ட்டியா ரொட்டியையும் தின்கிறான். வெளியே காலடி கேட்டால் எழுந்து போய் எட்டிப் பார்க்கிறான். ஒட்டுண்ணி என்று முடிவுசெய்தேன்.

ஞாயிறு காலை அக்கா தேவாலயம் போயிருந்தாள். "மாமா, அடிப்பாறையில என்னமோ நெளியுது. உங்க கண்ணு கூர்மை, கொஞ்சம் பாருங்க" என்றேன். பாவம், சந்தோஷமாகக் குனிந்தான். பவளம் உடைக்கிற சுத்தியலால் பிடரியில் அடித்தேன். ஒரே அடியில் போகவில்லை. தலையைத் தண்ணீருக்குள் அழுத்தி இன்னும் நாலு அடி. கண்ணாடியைப் பிராண்டினான், கீறல் இன்னும் இருக்கிறது. தண்ணீரைப் பாதிக்குமேல் மாற்ற வேண்டியதாயிற்று, ரத்தம் பவளத்துக்கு ஆகாது. உடம்பை மடக்கிக் கொல்லையில் இருந்த உப்புநீர் டிரம்மில் போட்டு மூடினேன்.

எவளோடோ போய்விட்டான் என்று அக்காவிடம் சொன்னேன். "சொல்லாம போற மனுஷன் இல்லடா அவரு" என்று அழுதாள். செய்தி சந்தைவரை போயிற்று.

ஒன்பதாம் நாள் மத்தியானம் ருடிலியோ துடுப்போடு வந்தான். கதவருகே ஊஞ்சல் காலியாக இருந்தது. அக்கா என் பேரைச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டாள். நான் முழங்கைவரை தொட்டிக்குள் கைவிட்டிருந்தேன். அப்போது கையை எடுத்தால் தண்ணீர் கலங்கிவிடும்.

அவள் உடலை எடுக்க வந்த போலீஸ்காரர்கள் நீங்கள் டிரம்மைத் திறந்தீர்கள். பிடென்சியோவைக் கொன்றது நான்தான், அதை நான் மறுக்கவில்லை. அக்கா விஷயத்தை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அவள் ஏற்கெனவே பலவீனமாகத்தான் இருந்தாள்.