பிழை தன்னுடையது என்று எழுதிக் கையொப்பமிட்டவருக்கு

முப்பத்து மூன்று ஆண்டுகள் வரி என்னும் வரவேற்பில்லாத வார்த்தையை வாயில் சுமந்து, வந்த வாசல்தோறும் வாடிய முகங்களையே கண்டும் வாட்டமுறாத வல்லவரே! கணக்கிலே கண்ணும், கண்ணிலே கண்டிப்பும், கண்டிப்பின் அடியிலே யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் கனிவும் வைத்திருந்த எங்கள் மதிப்பீட்டு அலுவலர், திரு. கருப்பையா அழகமுத்து அவர்களே! உங்கள் கறுப்புக் குடை கஹவத்தைக் கடைவீதியில் திரும்பியதும் கடைக்காரரில் பாதிப்பேர் கணக்குப் புத்தகத்தையும் மீதிப்பேர் பின்கதவையும் தேடிய காலம் இன்றோடு முடிகிறது. அவர்கள் பெருமூச்சு விடட்டும். நாங்கள் கவலையோடு உங்களை வழியனுப்ப வந்திருக்கிறோம்.

மடலை எழுத உட்கார்ந்தபோதே எங்கள் டிரைவர் நுஹ்மான் ஒரு எச்சரிக்கை விடுத்தார். முகத்துக்கு நேரே புகழ்ந்தால் சேர் பாதியில் எழுந்து பிளேன்டீ குடிக்கப் போய்விடுவார் என்றார். இருபது வருடம் அவரை அலுவலக வான் வண்டியில் ஏற்றி இறக்கியவர் சொல்லும்போது நம்பாமல் முடியாது. ஆகையால் மேடையில் மாலையோடு நெளிந்துகொண்டிருப்பவர் வேறு யாரோ என்று வைத்துக்கொண்டு, அழகமுத்து என்றொரு மனிதரைப் பற்றிச் சபைக்குச் சொல்கிறோம். அவரும் இருந்து கேட்டுவிட்டுப் போகட்டும்.

அழகமுத்து ஒரு கடைக்குப் போனால் முதலில் கடைக்காரர் சொல்லும் கணக்கைக் கேட்பார். குறுக்கே பேச மாட்டார், புருவத்தைக்கூட உயர்த்த மாட்டார். பிறகு கடையில் இருக்கும் சாமான்களிடம் கணக்குக் கேட்கத் தொடங்குவார். தெரணியகலையில் ஒரு பேக்கரிக்காரர் நாளொன்றுக்கு இருநூறு பாண்தான் போடுகிறேன் என்று சத்தியம் செய்தார். இவர் மாவு மூட்டை வந்த பில்லையும், விடியற்காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு மலையேறும் பாண் ஆட்டோக்களையும் பார்த்துவிட்டு, மீதி மாவையெல்லாம் வீட்டில் தின்கிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டார். விருந்தினர் விடுதி நடத்திய ஒருவர் வருடம் முழுக்க அறைகள் காலி என்றார். லோண்டரிக்குப் போன படுக்கை விரிப்புகள் வேறு கதை சொல்லின.

ருவான்வெல்லை றப்பர் வியாபாரியை நாங்கள் மறக்கவே முடியாது. அந்த மனிதர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "மழை சேர், சரியான மழை. பால் வெட்டின நாளே இல்லை. பால் இல்லாட்டி ஷீட் ஏது, ஷீட் இல்லாட்டி வியாபாரம் ஏது?" என்று கையை விரித்தார். அழகமுத்து குடையை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்து ஆபீசுக்கு நடந்தார். தோட்டங்களில் எந்த நாள் எத்தனை மில்லிமீற்றர் பெய்தது என்று தினமும் எழுதி வைப்பார்கள் என்பது தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த அவருக்குத் தெரியும். அந்த ஏட்டின் பிரதி மேசைக்கு வந்ததும் வியாபாரி நிமிர்ந்து உட்கார்ந்து, தான் சொன்னது முந்தின வருடத்து மழை என்றார். முந்தின வருடத்துப் பிரதியும் கைவசம் இருந்தது.

இப்படியெல்லாம் பிறருடைய ஒளிவு மறைவைக் கண்டுபிடித்த திறமைக்காக மட்டும் பாராட்டுவதென்றால் ஒரு கேடயம் போதும், மடல் தேவையில்லை. நாங்கள் சொல்ல வந்தது, அவர் தன்னுடைய தவறைத் தானே கண்டுபிடித்த கதையை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கொஞ்சம் நாங்கள் கூடவிருந்து பார்த்தது. மற்றது நுஹ்மான் சொன்னது.

மூன்று வருடத்துக்கு முன், கஹவத்தை பஸ் நிலையத்துக்கு எதிரே ஹோட்டல் வைத்திருக்கும் வெள்ளையம்மாவின் கோப்பு அழகமுத்துவின் மேசைக்கு வந்தது. நாளொன்றுக்கு நூறு சோற்றுப் பார்சல் விற்பதாக அந்த அம்மா எழுதிக் கொடுத்திருந்தார். நூறு என்ற எண்ணைப் பார்த்ததுமே அழகமுத்துவுக்குச் சந்தேகம். உண்மையான வியாபாரம் இத்தனை வட்டமான எண்ணில் வந்து நிற்காது என்பது அவர் அனுபவம். அலுவலக வான் அப்போது திருத்தத்துக்குப் போயிருந்தது. அது ஒன்பதாம் திகதி மாலை வந்து சேர, மறுநாளே அவரும் நுஹ்மானும் புறப்பட்டுப் போய் எதிர்ப்புறத்துக் கொம்யூனிகேஷன் கடை வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து, மூன்று நாள் பார்சல்களை எண்ணினார்கள். நாளொன்றுக்கு முந்நூற்று நாற்பது வந்தது. அதை வருடத்துக்குப் பெருக்கி, வரியும் தண்டமும் போட்டு அறிவித்தல் அனுப்பினார்.

தலைமை அலுவலகம் மகிழ்ந்துபோனது. இந்த மூன்று நாள் எண்ணும் முறையை மற்ற ஊர்களிலும் பின்பற்றலாமே என்று கடிதம் வந்தது. அழகமுத்து ஆறு வருடமாகக் காத்திருந்த பதவியுயர்வுக்கான நேர்முகமும் குறிக்கப்பட்டது. போகிற போக்கில் நாங்கள் கேக் வாங்கக் காசுகூடச் சேர்த்துவிட்டோம்.

நேர்முகத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது வெள்ளையம்மா அலுவலகத்துக்கு வந்தார். கையில் அறிவித்தல். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"ஐயா, கடைய மூடச் சொல்றீங்கன்னா நேராவே சொல்லிடுங்க. இந்தக் காயிதத்துல இருக்கிறதக் கட்டணும்னா கடைய வித்தாலும் பத்தாது. என்கிட்ட ஆறு பொம்பளைங்க வேலை செய்யிறாங்க. அவங்ககிட்ட நான் என்னான்னு சொல்றது?"

"அம்மா, நாங்க சும்மா எழுதல. மூணு நாள் உக்காந்து எண்ணித்தான் எழுதினோம்," என்றார் அழகமுத்து.

"எந்த மூணு நாளுங்க?"

அவர் கோப்பைத் திறந்து வாசித்தார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு.

வெள்ளையம்மா சத்தம் போடவில்லை. அவரை உற்றுப் பார்த்தார். "ஏங்கய்யா, நீங்களும் தோட்டத்துப் புள்ளதானே? பத்தாந்தேதி சம்பளம் போடுவாங்கன்னு ஒங்களுக்குமா தெரியாது? அன்னைக்கு நாலு தோட்டத்துச் சனமும் டவுன்லதான் கெடக்கும். வருசத்துக்கு ஒரு வேளை கடையில சாப்பிடுறவன்கூட அன்னைக்குத்தான் சாப்பிடுவான். இருபதாந்தேதி வந்து பாருங்க மாத்தயா, நாங்க ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருப்போம்."

அழகமுத்து கோப்பை மூடினார். பத்தாம் திகதி மட்டும் மீன் வாங்கிய வீட்டில் வளர்ந்தவர் அவர். தெரியாதவர் செய்தால் அது பிழை. தெரிந்த அவர், வான் திரும்பி வந்த நாளைப் பார்த்தாரே தவிர நாட்காட்டியைப் பார்க்கவில்லை. அன்று அவருக்கு வந்தது தாங்க முடியாத வெட்கம். மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார் என்று நுஹ்மான் சொன்னார்.

அதற்காக வெள்ளையம்மா எழுதிய நூறை அவர் நம்பிவிட்டார் என்று நினைக்காதீர்கள். கண்ணீருக்குக் கழிவு கொடுக்கும் சட்டப்பிரிவு எதுவும் இல்லை என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அந்த நூறும் பொய் என்று அவருக்குத் தெரியும். தன்னுடைய முந்நூற்று நாற்பதும் பொய் என்று இப்போது தெரிந்துவிட்டது. உண்மை நடுவில் எங்கேயோ இருந்தது. ஆட்சேபனைக்கான கடைசித் திகதிக்கு ஒன்பது நாள் இருந்தது. அது கடந்துவிட்டால் வரி உறுதியாகி, கடையின் வங்கிக் கணக்கு முடக்கப்படும்.

மறுபடி பார்சல்களை எண்ணப் போவதில் பயனில்லை. வான் நின்றாலே கடை உஷாராகிவிடும். ஆகவே அழகமுத்து லன்ச் ஷீட்டைப் பிடித்தார். சோற்றைச் சுற்றிக் கட்டும் அந்த மெல்லிய தாள் இல்லாமல் ஒரு பார்சலும் கடையைவிட்டு வெளியே போக முடியாது. இரத்தினபுரியில் அதை மொத்தமாக விற்பவரிடம் ஒரு வருடத்தில் வெள்ளையம்மாவுக்குப் போன கட்டுகளின் பில்களை வாங்கினார். பிறகு தினமும் பஸ்ஸில் ஆள் அனுப்பி அந்தக் கடையிலிருந்து பார்சல் வாங்குவித்து, அலுவலக மேசையில் பிரித்து, எத்தனை தாள் என்று பார்த்தார். மரக்கறிச் சோற்றுக்கு ஒன்று. மீன் என்றால் பொரியலைத் தனியாகக் கட்ட இன்னொன்று. எங்கள் அலுவலகச் சகோதரி நிரோஷா அந்த வாரம் வீட்டிலிருந்து சாப்பாடே கொண்டுவரவில்லை. "அனே சேர், இன்னும் ஒரு நாள் செக் பண்ணிப் பாப்பமா?" என்று அவர் கேட்டதையும் இங்கே பதிவு செய்கிறோம். அத்தனை பார்சலுக்கும் அழகமுத்து தன் சட்டைப்பையிலிருந்தே கொடுத்தார்.

கடைசி நாள் அவரே போய், காசாளர் மேசையிலிருந்த கியூஆர் அட்டையைத் தொலைபேசியில் பிடித்துப் பணம் செலுத்தினார். திரையில் கடையின் பெயர் வரவில்லை. வெள்ளையம்மாவின் மகள் ஷாமிளாவின் பெயர் வந்தது. கடையின் வங்கிக் கணக்கில் ஏன் இவ்வளவு குறைவான பணம் என்ற கேள்விக்கும் அங்கேயே விடை கிடைத்தது. காஸ் சிலிண்டர், முட்டைத் தட்டு எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பார்த்து, வருடம் முழுவதுக்கும் சராசரி நாளொன்றுக்கு நூற்று அறுபத்தைந்து பார்சல் என்று முடிவுக்கு வந்தார். சம்பள நாளும், அட்வான்ஸ் நாளும், ஈயோட்டிய நாளும் எல்லாம் அதற்குள் அடக்கம்.

"நீங்க சொன்ன நூறும் பொய். நான் எழுதின முந்நூத்தி நாப்பதும் தப்பு," என்று அந்தக் கடையிலேயே வைத்துச் சொன்னார்.

வெள்ளையம்மா மகளின் பெயரிருந்த அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எரநூறுன்னு போட்டுடாதீங்கய்யா," என்றார்.

"நூத்தி அறுபத்தஞ்சு. அதுக்கு மேல ஒண்ணும் போட மாட்டேன். கீழ கேட்டாலும் குறைக்க மாட்டேன்."

இனி நாங்கள் சொல்லப்போவது எங்களுக்குப் பெருமையில்லை. அவர் திரும்பி வந்து மதிப்பீட்டைத் திருத்தக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது, மேசையைச் சுற்றி நின்று தடுத்தவர்கள் நாங்கள். அந்த அம்மாவே ஆட்சேபனை போடட்டும், அது நடக்கிறபடி மெல்ல நடக்கட்டும், நேர்முகம் முடியும்வரை வாயைத் திறக்காதீர்கள் சேர் என்று கெஞ்சினோம். தலைமை அலுவலகம் தூக்கிக் கொண்டாடும் ஒரு முறையை, அதைக் கண்டுபிடித்தவரே பிழையென்று எழுதினால் யார் பதவி கொடுப்பார்கள்? அவர் மேல் இருந்த அன்பில்தான் சொன்னோம். ஆனாலும் சொன்னோம்.

"அதுக்குள்ள அந்தம்மா கடைய மூடிட்டா?" என்று கேட்டார்.

அவர் எழுதத் தொடங்கினார். கடிதத்தின் பிரதியை இம்மடலுக்காக நிரோஷா கோப்பிலிருந்து எடுத்து வந்தார். அதில் ஒரு வரி இப்படி இருக்கிறது: "வர்த்தகர் வருமானத்தை மறைத்தது உண்மை, எனினும் அதை மிகைப்படுத்திய பிழை, சம்பள நாட்களைத் தெரிவு செய்த என்னுடையது." வான் பழுதானதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நேர்முகத்தில் முதல் கேள்வியே அந்தக் கடிதத்தைப் பற்றியதாக இருந்ததாம். பதவி வேறொருவருக்குப் போனது. சேர்த்த காசுக்கு வாங்கிய கேக்கை எல்லோரும் பேசாமல் தின்றோம், அவர் மட்டும் இரண்டு துண்டு கேட்டு வாங்கினார். எங்களுக்கு இன்றும் ஆறவில்லை, மேடையில் வைத்தே சொல்கிறோம், இந்த மனிதருக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை. ஆனால் அதன் பிறகு இந்த அலுவலகத்திலிருந்து யார் எந்தக் கடையை எண்ணப் போனாலும் மாதத்தின் நாலு வேறு வேறு பொழுதுகளில் போய் எண்ண வேண்டும் என்று விதி வந்தது. அந்த விதியால் காப்பாற்றப்பட்ட கடைகள் எத்தனை என்று அந்தக் கடைக்காரர்களுக்கே தெரியாது.

இன்றைய விழாவுக்கு வெள்ளையம்மாவை அழைத்தோம். தொலைபேசியில் சிரித்தார். வரவில்லை, ஆனால் தான் சொல்வதை மாற்றாமல் வாசிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டுச் சொன்னார்:

"வரி ஆபீசருக்கு வாழ்த்துச் சொல்ற மொதல் ஆளு நானாத்தான் இருப்பேன். சந்தோசமாக் கட்டுறேன்னு சொன்னா அது பொய்ங்க. ஒவ்வொரு தடவையும் வயிறு எரியத்தான் செய்யுது. மகளோட அட்டையையும் எடுத்துட்டேன். ஆனா ஒண்ணு, நான் கட்டுறது என் கணக்கு. வேற எவரு கணக்கையும் நான் கட்டல. அத அவருகிட்டச் சொல்லிடுங்க."

சொல்லிவிட்டோம், ஐயா.

மூட்டுவலி முணுமுணுக்காமலும், மனம் மகிழ்ச்சி குன்றாமலும், துணைவியார் கலைச்செல்வி அம்மையாரோடும் பிள்ளைகளோடும் நூறாண்டு கடந்தும் நோயின்றி நீங்கள் நிறைவாக வாழ வேண்டும் என்று இரத்தினக்கல் விளையும் இந்த மண்ணின் எல்லாச் சமயத்துத் தெய்வங்களையும் வேண்டுகிறோம். அன்று கடிதம் எழுதவிடாமல் உங்கள் பேனாவைப் பிடித்துத் தடுத்த அதே கைகளால், வெட்கத்தோடும் பெருமையோடும் இதன் கீழே ஒவ்வொருவராகக் கையெழுத்திடுகிறோம்.

இரத்தினபுரி வரி அலுவலகத்தில்
உங்களோடு வேலை செய்யக் கொடுத்து வைத்த
நாங்கள் அனைவரும்