குக்கர் அடங்குற வரைக்கும்

அட உட்காருங்க தம்பி, ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க. அந்தத் துணியை ஓரமா தள்ளிட்டு உட்காருங்க. இந்தாங்க, தண்ணி. அடுப்புல குக்கர் வச்சிருக்கேன், இவரு வந்ததும் பசிக்குதும்பாரு.

நானும் டிவியில பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். மேல போன ராக்கெட் அப்படியே திரும்பி வந்து, கடல்ல நிக்கிற கப்பல் மேல காலை ஊணி நின்னுச்சு பாருங்க, ஆடல அசையல. உங்க ஆபீஸ்ல எல்லாரும் எழுந்து கைதட்டினாங்க. உடனே விளம்பரம் போட்டுட்டான். இவரு வேலையே அதுக்கப்புறம்தானே. படகுல போயி, கப்பல்ல ஏறி, ராக்கெட் சாயாம யானைக்குப் போடுற மாதிரி காலுக்குச் சங்கிலி போடணும். அதை எந்த டிவிக்காரன் காட்டுறான்?

முன்னெல்லாம் எனக்குப் பயமே இல்ல. மிச்ச எரிபொருள் வெள்ளைப் புகையா வெளிய போகுமாம், அது சுத்தமா நிக்கிற வரைக்கும் ஒருத்தரும் ஏறக்கூடாது. அவ்வளவு நேரம் படகுல சும்மாவா உட்கார்ந்திருப்பீங்கன்னு கேட்டதுக்கு, பிரஷர் அடங்காம நீ குக்கரைத் திறப்பியான்னாரு.

இப்போ யாரு காத்திருக்கா? எதிர்க் கம்பெனிக்காரன் வந்த ராக்கெட்டைக் கழுவித் துடைச்சு வாரத்துக்குள்ள மறுபடி விடுறானாமே. செயற்கைக்கோள் விடுறவங்க எல்லாம், அங்க சல்லிசு, சீக்கிரம்னு அவன்கிட்ட போறாங்களாம். அவன் ஓடுறான்னு நாமளும் ஓடணும். புகை வரும்போதே ஏறுங்கன்னு சொல்லிட்டீங்க. நீங்க இல்ல தம்பி, மேல இருக்கிறவங்க. யாரு சொன்னா என்ன, ஏறுறது இவருதானே.

அதுலேர்ந்து மனுஷன் சமையல்கட்டுப் பக்கமே வர்றதில்ல. விசில் அடிச்சா எழுந்து வாசலுக்குப் போயிடுறாரு. கேட்டா காத்து வாங்குறேம்பாரு. விட்டுடுங்களேன் இந்த வேலையைன்னு கெஞ்சினேன். நான் ஏறலைன்னா இன்னொருத்தன் ஏறணுமேங்கிறாரு.

இருங்க தம்பி, நான் பேசி முடிச்சுடறேன். காலையிலேர்ந்து போன் பண்றேன், எடுக்கல. கடல்ல சிக்னல் கிடைக்காது. அது தெரியும் எனக்கு.

விசில் வந்துடுச்சு, அணைச்சுட்டு வரேன்.

என்ன, தண்ணியே குடிக்கலையா? எதிர்வீட்டு வெல்டர் அந்தக் கப்பல்ல செத்தப்போ, சேதி சொல்ல வந்ததும் நீங்கதானே. அன்னிக்கும் அவரு பொண்டாட்டி குடுத்த டம்ளரை இப்படித்தான் குடிக்காம கையிலயே வச்சிருந்தீங்களாம். சொல்லிச் சொல்லி அழுவா. உங்களை வாசல்ல பார்த்ததுமே எனக்கு அந்த டம்ளர்தான் ஞாபகம் வந்துச்சு.

பயமா இருக்கு தம்பி. வாயைத் திறந்துடாதீங்க. குக்கர் இன்னும் அடங்கல. அது அடங்கட்டும், அப்புறமா சொல்லுங்க.