மாமாவ எழுப்பாம

சார், சார், பிளக்கப் புடுங்கிடாதீங்க! கொஞ்சம் பொறுங்க, உங்க கால்ல வேணாலும் விழறேன்.

தெரியும் சார். இது பெட்ரோல்லயும் ஓடற வண்டிதான். டேங்க் நெறைய இருக்கு. உங்களுது கரண்ட்டுல மட்டுமே ஓடறது, நியாயமாப் பாத்தா இந்த எடம் உங்களுக்குத்தான். இல்லேங்கல. ஆஸ்பத்திரி பார்க்கிங்ல இருக்கறதே ஒரே ஒரு சார்ஜர், அதுல இந்த ரெண்டுங்கெட்டான் வந்து ஒக்காந்திருந்தா யாருக்கும் எரியத்தான் செய்யும். மத்த நாளா இருந்தா பேசாமப் பெட்ரோல்லயே போயிருப்பேன். இன்னைக்கு முடியாது சார்.

சிரிக்காதீங்க, சொல்றேன். எல்லாம் வீட்டுக்காரிக்காகத்தான். வண்டி வாங்கின புதுசுல, பேட்டரி தீந்ததும் திடீர்னு எஞ்சின் உறும ஆரம்பிச்சுதா, இவ பதறிப் போய், ஐயையோ, மாமா எழுந்துட்டாரேன்னா. மாமான்னா எங்கப்பா. பகல்ல தூங்கி எழுந்திரிக்கும்போதே உர்ருனுதான் எழுந்திரிப்பார். அவர்கிட்டயே போய்ச் சொன்னா. அவரும் சிரிச்சார்னா பாத்துக்கங்களேன். அன்னையிலேந்து எங்களுக்கு இதான் வெளையாட்டு. மாமாவ எழுப்பாம வீடு போய்ச் சேரணும். மொதல்ல ஏசிய அணைச்சுடுவா. மேட்டுல நான் கொஞ்சம் மிதிச்சாப் போதும், மெதுவா, மெதுவா, மாமா பொரளறாருன்னு என் தொடையில ஒரு அடி. பின்னாடி எங்க பொண்ணு மூச்சக் கூட விட மாட்டா. வாசல்ல போய் நின்னதும் மூணு பேரும் கை தட்டுவோம். பைத்தியக்காரக் குடும்பம்தான், போங்க.

நேத்தே சார்ஜ் போட்டிருக்கணுமா? போட்டேன் சார்! அதான் சார் வயித்தெரிச்சலே. வீட்ல பிளக்கச் சொருகிட்டேன். செவுத்துல சுவிட்சப் போடக் கை தூக்கறேன், போன் வந்துருச்சு. பேசி முடிச்சுட்டு அப்படியே உள்ள போய் ஒக்காந்துட்டேன். காலையில வந்து பாத்தா பிளக்கு இருக்கு, சுவிட்சப் போடவே இல்ல.

யாரு போனா? அது இருக்கட்டும் சார்.

இன்னைக்கு வீட்டுக்காரிய டிஸ்சார்ஜ் பண்றாங்க. துணியெல்லாம் மடிச்சு வெச்சுக்கிட்டு மேல ரெடியா ஒக்காந்திருக்கா. காலையில என் கையப் புடிச்சுக்கிட்டுச் சொல்றா, இன்னைக்கு மாமாவ எழுப்பாம வீட்டுக்குப் போயிட்டா எனக்கு எல்லாம் சரியாயிடுச்சுன்னு அர்த்தம், மனசுக்குள்ள அப்படித்தான் நெனச்சு வெச்சிருக்கேன்னு. வெளையாட்டுக்குச் சொல்லல சார், கண்ணப் பாத்தேன். நான் என்ன பண்ணட்டும்? வழியில பாலம் வேற இருக்கு. இப்ப ஏறியிருக்கற சார்ஜு அந்த மேட்டுக்கே காணாது. அங்க போய் அது உறுமிச்சுன்னா அவ மொகத்த நான் எப்படி சார் பாப்பேன்?

உங்க வண்டியில வீடு போய்ச் சேர சார்ஜு இருக்குல்ல? இருக்கா? நல்லா இருப்பீங்க சார். ஒக்காருங்க, இப்படி இந்தக் கட்டையில ஒக்காருங்க.

ஆமாமா, நல்லாயிட்டா. நல்லாகாமயா வீட்டுக்கு அனுப்புவாங்க? அவளும் இதையேதான் சொல்றா. நர்ஸுங்களுக்கெல்லாம் ஸ்வீட் வாங்கிக் குடுங்கன்னா, குடுத்தேன். எடுத்துக்கிட்டாங்க. ஒருத்தரும் என் மொகத்தப் பாக்கல.

நேத்து வந்த போனு டாக்டரோடது சார். இனிமே இங்க வெச்சிருந்து ஒண்ணும் பிரயோஜனமில்ல, கூட்டிட்டுப் போய்க் கேக்கறதக் குடுத்து சந்தோஷமா வெச்சுக்கங்கன்னார். அவளுக்குத் தெரியாது. பொண்ணுக்கும் தெரியாது. உங்ககிட்டதான் மொதமொதல்ல வாயத் தொறந்து சொல்றேன்.

அதோ லிஃப்ட் தொறக்குது, அவதான். சார், நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கங்க, உங்க கண்ணப் பாத்தாலே கண்டுபிடிச்சுடுவா. அப்படியே அந்த சார்ஜர்ல எவ்ளோ காட்டுதுன்னு பாருங்களேன். பாலம் ஏறிடுமா சார்?