எட்வேட்டின் தீவும் ஸ்கொட்லாந்துக் காற்றும்

கோல்ஃப் விளையாட எந்தக் கடற்கரை நல்லது என்று கேட்டால் ஸ்கொட்லாந்து என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். எங்கள் ஸ்காபரோ கோல்ஃப் குழுவில் போன கிழமையும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பிரின்ஸ் எட்வேட் தீவு போதுமா, இல்லை ஸ்கொட்லாந்துக்கே போகத்தான் வேண்டுமா என்று. இதே கேள்வியில் நாங்கள் இரண்டு மாதம் இழுபட்டவர்கள். ஆனபடியால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. கடல் தெரிகிற மைதானம் எல்லாம் லிங்க்ஸ் என்கிற அசல் கடலோர மைதானம் ஆகிவிடாது. மணல்மேடு, மரமில்லாத வெளி, கட்டைப்புல், நிற்கவிடாத காற்று இருக்க வேண்டும். பந்தை உயர அடித்தால் காற்று கொண்டுபோய்விடும். தாழ்வாக அடித்து உருளவிட வேண்டும். தீவில் மண் சிவப்பு, சிங்கிறால் ருசி, ஏறி ஓட வண்டி தருவார்கள். எல்லாம் சரி. ஆனால் அது லிங்க்ஸ் இல்லை. ஸ்கொட்லாந்தில் நாங்கள் எடுத்த மைதானங்களில் வண்டி இல்லை, நடைதான்.

நாங்கள் நாலு பேர். நான் தில்லையம்பலம். நீதிமன்றங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் எங்கள் சனத்துக்கு மொழிபெயர்க்கிற வேலை. இருபத்திரண்டு வருடமாக ஒருவர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மற்றவருக்குச் சொல்லி வருகிறேன். மற்றவர்கள் அருள்நாயகம், கிளிபோட், எட்வேட். பதினொரு வருடமாக ஞாயிறு காலையில் ஒன்றாக விளையாடுகிறோம். எட்வேட்டும் கிளிபோட்டும் கோல்ஃப் சப்பாத்தோடேயே மாதா கோயில் பூசைக்குப் போவார்கள். சுவாமியாரும் ஒன்றும் சொல்வதில்லை.

ஸ்கொட்லாந்தில் ஒரு பழைய மைதானத்தில் சீட்டுக் குலுக்கித்தான் இடம் கொடுப்பார்கள். நான் ஐந்து வருடம் போட்டுப் பார்த்து, போன வருடம்தான் விழுந்தது. ஜூன் ஒன்பதாம் தேதி, நாலு பேருக்கு. மூன்று பேராகப் போனால் தெரியாத ஒருவனைக் கூடச் சேர்த்துவிடுவார்கள். எனக்குத் தெரியாத ஆட்களோடு விளையாடுவது சரிவராது. இதை நான் எல்லாருக்கும் சொல்லியிருந்தேன்.

எட்வேட் தீவுக்குத்தான் போவோம் என்று நின்றான். அஜின்கோர்ட் பிளாசாவில் கோப்பி குடித்துக்கொண்டு கதைத்தோம்.

"என்ரை பேரிலையே கனடாக்காரன் ஒரு தீவு வைச்சிருக்கிறான். அதை விட்டிட்டு உங்கை மழையிலை நனையப் போறியளோ?" என்றான்.

"உன்ரை பேரெண்டு ஆர் சொன்னது? அது ஒரு இளவரசன்ரை பேர்" என்றான் கிளிபோட்.

"அப்ப நான் ஆரடா?"

"நீ பிறம்ரன் வெயார்ஹவுசிலை பெட்டி தூக்கிற எட்வேட்."

எல்லாரும் சிரித்தோம். அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்த நேரம் அவனுக்கு இதயத்தில் மூன்று குழாய் அடைப்பு. பைபாஸ் செய்ய வேண்டும். செப்ரெம்பர் பதினெட்டாம் தேதி கொடுத்திருந்தார்கள். அதற்கு முன்பு யாராவது விலகினால் அந்த இடத்தை இவனுக்குத் தருவதாகவும், கூப்பிட்டால் உடனே வர வேண்டும் என்றும் கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள்.

"தீவிலை நிண்டால் போன் வந்த அண்டைக்கே பிளேன் ஏறி வந்திடலாம் மச்சான்" என்றான் என்னிடம். "அங்கை போய் நிண்டால் என்னெண்டு வாறது?"

அருள்நாயகம் அவன் பக்கம். கிளிபோட் என் பக்கம். இரண்டுக்கு இரண்டு.

போன் என்று அவன் சொன்னானே, அந்தப் போன் என்னுடையது. எட்வேட் இரவு வேலை, பகலில் போனை அணைத்துவிட்டுப் படுப்பான். அவன் மனைவி றெஜினாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை, அங்கே போன் வைத்திருக்க விடமாட்டார்கள். இங்கிலிஷில் வருகிற போன் என்றாலே இருவருக்கும் கள்ளர் என்றுதான் பயம். எங்கள் ஆட்களில் அரைவாசிப் பேர் கிளினிக் பத்திரத்தில் தங்கள் நம்பர் எழுதுவதில்லை, இங்கிலிஷ் தெரிந்தவனுடைய நம்பரைத்தான் எழுதுவார்கள். எட்வேட் என் நம்பரை எழுதினான். அவனுக்காக நான் கதைக்கலாம் என்று கையெழுத்தும் வைத்தான். நான் கேட்கவில்லை. அவனாகச் செய்தது.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போன் வந்தது. கராஜில் மட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மரியாதையான பிள்ளை ஒன்று பேசியது. ஒருவர் விலகிவிட்டார், ஜூன் நாலாம் தேதி இடம் இருக்கிறது, எட்வேட்டைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டது.

ஜூன் நாலாம் தேதி நாங்கள் ஸ்கொட்லாந்தில் இறங்குகிற நாள். அதாவது ஸ்கொட்லாந்துக்குப் போவதானால்.

நான் அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த மட்டையைத் துடைத்து முடித்தேன். பிறகு, அவர் அந்த நாட்களில் பயணத்தில் இருப்பார் என்றேன். பயணத்தை மாற்ற முடியாதா என்று கேட்டது. முடியாது என்றேன். இது முன்னுக்குக் கிடைக்கிற இடம் என்று அவருக்கு விளங்குமா என்று கேட்டது. நன்றாக விளங்கும் என்றேன். செப்ரெம்பர் இடம் அப்படியே இருக்கும் என்று சொல்லி வைத்துவிட்டது.

பயணத்தில் இருப்பார் என்று நான் சொன்னது அன்றைக்கு உண்மை இல்லைத்தான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் உண்மையாகிவிட்டது.

ஞாயிறு, முதல் குழியில் வைத்து அவனிடம் சொன்னேன்.

"கிளினிக்கிலை இருந்து எடுத்தவை. செப்ரெம்பர் இடம் அப்பிடியே இருக்காம்."

"அப்ப இடையிலை ஒண்டும் வராதோ?"

"செப்ரெம்பர்தான் மச்சான்."

அவன் குனிந்து பந்தை வைத்தான். "அப்ப நான் ஏன் தீவிலை போனைப் பாத்துக்கொண்டு குந்தியிருப்பான்? வாறன். வெட்டுறதுக்கு முந்தி அதையும் ஒருக்கால் பாத்திட்டு வருவம்" என்றான்.

அவனாக முடிவு எடுத்தான். நான் ஒரு சொல்லும் வற்புறுத்தவில்லை. அருள்நாயகம்தான், "டொக்டர் மேடு ஏறக்கூடாது எண்டு சொன்னவரெல்லே?" என்று கேட்டார். அது மேடு இல்லை, மணல்மேடு என்று நான் விளக்கினேன். எட்வேட் அடுத்த நாளே மழைச்சட்டை வாங்கினான். விமான நிலையத்தில் றெஜினா என் கையைப் பிடித்து, "அண்ணை, நீங்கள் நிக்கிறபடியால்தான் விடுறன்" என்றாள். எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஒருவர் நம்புகிறார் என்றால் யாருக்குத்தான் சந்தோசம் இல்லை.

இனி மைதானத்தைப் பற்றி. முதல் இரண்டு நாளும் காற்றுக் குறைவு. போகிறவர்கள் கையுறை இரண்டு சோடி கொண்டுபோங்கள். மூன்றாம் நாள், ஆறாம் தேதி, மேற்குக் காற்று. பதின்மூன்றாம் குழி நேரே காற்றுக்கு எதிரே போகிறது. இரண்டு மணல்மேட்டுக்கு நடுவால் நடக்க வேண்டும். நான் தாழ்வாக அடித்த பந்து உருண்டு உருண்டு கொடியிலிருந்து ஆறடியில் போய் நின்றது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு அடி அடித்ததில்லை. திரும்பிப் பார்த்தால் எட்வேட் சரிவில் இருந்துவிட்டான். முகம் வேர்த்திருந்தது. அந்தக் குளிரில்.

கிட்டப் போனேன். "நீ போய் அதை உள்ளுக்குத் தட்டு மச்சான். நான் இந்தா வாறன்" என்றான்.

நான் போய்த் தட்டினேன். உள்ளே போனது. கையைத் தூக்கிக் காட்டினேன். அவன் திரும்பக் கையைத் தூக்கவில்லை.

அம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிடம் சென்றது. லிங்க்ஸ் எல்லாம் ஊருக்கு வெளியே இருப்பதால் அப்படித்தான். ஜூன் நாலாம் தேதி அவனுக்கு வெட்டியிருந்தால் அந்த நேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்து கஞ்சி குடித்திருப்பான் என்று எனக்குத் தோன்றியது. தோன்றாமல் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியும்? கார் நிறுத்துகிற இடம். இங்கே கடல் தெரிந்தது.

அருள்நாயகமும் கிளிபோட்டும் எட்வேட்டின் பெட்டியோடு ரொறன்ரோ திரும்பினார்கள். அதற்கு இரண்டு பேர் போதும். நான் ஒன்பதாம் தேதி வரை நின்றேன். சீட்டில் விழுந்த இடத்தை வீணாக்குவதை எட்வேட்டும் விரும்பியிருக்க மாட்டான். மூன்று தெரியாத ஆட்களைக் கூடச் சேர்த்துவிட்டார்கள். நல்ல மனிதர்கள். தெரியாத ஆட்களோடு விளையாடுவது நான் நினைத்த அளவுக்கு மோசம் இல்லை.

அடக்கத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன். பெட்டிக்குப் பக்கத்தில் றெஜினா இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி வந்தாள்.

"அண்ணை, இடையிலை ஒரு போனும் வரேல்லையோ? வந்திருந்தால் இவரைப் போக விட்டிருக்க மாட்டன்."

"செப்ரெம்பர்தான் எண்டவை, றெஜினா."

அதுவும் அவர்கள் சொன்னதுதான். நான் ஒரு சொல் கூட்டவில்லை. அவள் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். "கடைசி நேரத்திலை நீங்களாவது பக்கத்திலை நிண்டியள்" என்றாள். நான் ஓம் என்றேன். கொடிக்கும் சரிவுக்கும் இடையில் நாற்பது யார்ட் தூரம் இருக்கும். அது பக்கம்தான்.

ஆகவே தீவா ஸ்கொட்லாந்தா என்று கேட்டவர்களுக்கு: நடக்க முடிந்தால் ஸ்கொட்லாந்து. போக முதல் உடம்பைக் காட்டிக்கொண்டு போங்கள்.

செப்ரெம்பர் தொடக்கத்தில் கிளினிக்கிலிருந்து திரும்பவும் போன் வந்தது. அதே மரியாதையான பிள்ளை. பதினெட்டாம் தேதியை நினைவுபடுத்த எடுத்ததாம். அவர் வரமாட்டார் என்றேன். திரும்பவும் பயணமா என்று கேட்டது. நான் ஓம் என்றேன்.

பிறகு, அந்த இடத்தைக் காத்திருக்கிற வேறு யாருக்காவது கொடுங்கள் என்றும் சொன்னேன். அந்தப் பிள்ளை நன்றி சொன்னது. யாரோ ஒருவர் அதனால் பிழைத்திருப்பார். இதையெல்லாம் நான் வெளியில் சொல்லிக்கொண்டு திரிகிறவன் இல்லை.