பதினாலாம் எண் வீட்டு ஜன்னல்

உட்கார்ந்தே சொல்கிறேன், ஐயா. இருபத்தாறு வருஷம் பாரிஸின் மோன்பர்னாஸ் தெருக்களில் நடந்து தேய்ந்த கால், இனி நிற்காது.

என் வேலை உங்களுக்குத் தெரியும். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே இங்கே வந்து குடித்து, பட்டினி கிடந்து, எழுதித் தள்ளிய வெளிநாட்டுக்காரர்கள் எங்கே உட்கார்ந்தார்கள், எங்கே படுத்தார்கள் என்று காட்டுவேன். காப்பிக் கடையில் தொடங்கிப் பதினாலாம் எண் வீட்டில் முடிப்பேன். ஆறாம் மாடி ஜன்னலைக் காட்டி, வாலஸ் ப்ரெண்ட் என்ற அமெரிக்கக் கவிஞன் அங்கேதான் இருமி இருமிச் செத்தான் என்பேன். யாராவது கண்ணைத் துடைப்பார்கள். வாசலில் நினைவுப் பலகைகூட இருக்கிறது. என் பேச்சை நம்பித்தான் வைத்தார்கள்.

ஹேரியட் லிண்ட்குவிஸ்ட் மினசோட்டாவில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தொரு வயது. மூன்று வருஷமாக வசந்தம் தவறாமல் வருவார். நல்ல மனுஷி, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அந்தச் செவ்வாய்க்கிழமை மற்றவர்கள் கலைந்ததும் பையிலிருந்து ஒரு பழைய வரைபடத்தை எடுத்தார்.

"கோவிச்சுக்காதீங்க கஸ்பார். ப்ரெண்ட் செத்தப்புறம், முப்பத்தி நாலுல தெருவ நீட்டினப்ப வீட்டு நம்பரெல்லாம் மாத்திட்டாங்க. அவனோட பதினாலு, இப்ப இருபது. அந்தச் சலவைக்கடை இருக்குல்ல, அது."

"சலவைக்கடையா?"

"ஆமா. இத்தனை வருஷமா எவனோ தையக்காரன் ஜன்னலக் காட்டி ஊரையே அழ வச்சிருக்கீங்க. நானும் மூணு தடவ அழுதேன், போங்க."

சிரித்தார். ஊருக்குப் போனதும் தன் வாசகர் சங்கத்துப் பத்திரிகையில் எழுதப்போகிறாராம். என்னிடம் முதலில் சொல்வதுதான் மரியாதை, வேறு யாருக்கும் இன்னும் தெரியாது என்றார்.

"வாங்க, மேல போய் அந்த ரூமைக் கடைசியா ஒரு தடவ பாத்துருவோம்" என்றேன்.

எங்கள் ஊர் வீடுகளில் மாடிப்படி விளக்கு ஒரு நிமிடத்தில் தானே அணைந்துவிடும், பகலிலும் கும்மிருட்டுதான். குடியிருப்பவர்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஐந்தாம் மாடித் திருப்பத்தில், பழுது பார்ப்பதற்காக இடப்பக்கக் கைப்பிடியைக் கழற்றியிருந்தார்கள். அங்கே விளக்கு அணைந்தது. பொத்தான் என் தோளருகில் இருந்தது. அழுத்தியிருக்கலாம்.

"கஸ்பார், கைப்பிடி எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

உடனே கையை நீட்டிச் சாய்ந்தார். வரைபடம் வைத்து என்னைத் திருத்தியவர், அப்போது மட்டும் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

நான் அவரைத் தொடவில்லை. அவர் விழுந்து கிடந்த இடத்துக்கு இறங்கிப் போய், வரைபடத்தை எடுத்து மடித்து வைத்துக்கொண்டேன். மூச்சு இருந்தது. மூன்று மணிக் குழு காப்பிக் கடையில் காத்திருந்தது. நான் சுற்றிக் காட்டி முடித்து வருவதற்குள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று நினைத்தேன். பார்த்தும் இருந்தார்கள், ஆனால் தாமதமாக. வாசலில் ஆம்புலன்ஸ் நின்றதால், அன்று ஜன்னலை எதிர்ச்சாரியிலிருந்து காட்டினேன். இரண்டு பேர் அழுதார்கள்.

என்னை நம்பி வந்தவர்களிடம் தெரிந்தே நான் பொய் சொன்னதில்லை, ஐயா. அவரிடம் மட்டும்தான், அதுவும் ஒரே ஒரு தடவை.